நிச்சயமாக அழிக்கவா?

காலை பத்தே முக்காலுக்குச் சிக்னல்காரரிடமிருந்து வந்த செய்தி இரண்டே வரி. “ஒருத்தருக்கு வேற டிஸ்க் அழிஞ்சு போச்சாம். உடனே பாரும்மா.”

சின்னவள் அப்போது நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில், பதினோராம் எண் கணினிக்குப் பின்னால் தலையை நுழைத்து, கழன்றிருந்த வயரைச் செருகிக்கொண்டிருந்தாள். பதினான்கு கணினிகளுக்கும் அவள்தான் பொறுப்பு. வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், நாற்பதை நெருங்கியும் அவளை விடவில்லை. செய்தியைப் படித்ததும் நிமிர்ந்தாள். மேசையின் அடிப்பலகை மண்டையில் இடித்தது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினார்கள்.

நூலக வேலை வயிற்றுக்கு. மனசு கிடந்தது வேறிடத்தில். கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுக்கும் இன்ஸ்டாலர் ஒன்றை, ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நான்கு பேர் சேர்ந்து பராமரித்து வந்தார்கள். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நால்வரில் சின்னவள் ஒருத்தி. சிக்னல்காரர் இன்னொருவர். ரயில்வே சிக்னல் அறையில் வேலை. ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

திங்கட்கிழமை வெளியான புதுப் பதிப்பில் இரண்டு மாற்றங்கள் சின்னவளுடையவை. பழைய பதிப்பில், லினக்ஸை எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று காட்டும் பட்டியலில் கணினிக்குள் இருக்கும் டிஸ்க் முதலில் வரும், வெளியே செருகியவை அதற்குக் கீழே வரும். புதியவர்கள் சிலர் தடுமாறிப்போய்ச் செருகியிருந்த பென் டிரைவைத் தேர்ந்தெடுத்துத் தொலைத்தார்கள். அதனால் அவள் பட்டியலை அளவுப்படி மாற்றினாள். பெரியது மேலே, சிறியது கீழே. மேலே இருப்பது தானாகவே தேர்வாகியிருக்கும்.

இரண்டாவது மாற்றம், ஒரு கேள்வியை எடுத்தது. டிஸ்க்கை அழிப்பதற்கு முன்னால் பழைய பதிப்பு சிவப்பு எழுத்தில், “இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடும். நிச்சயமாக அழிக்கவா?” என்று கேட்கும். டிஸ்க்கின் பெயரை நாமே தட்டச்சு செய்தால்தான் மேலே நகரும். அது வெறும் தொந்தரவு என்பது சின்னவளின் கட்சி.

“ஒருத்தரும் அதப் படிக்கறதில்ல” என்று குழுவின் கூட்டத்தில் அடித்துப் பேசினாள். “எங்க அத்தான் நூறு மிஷினுக்கு மேல போட்டவரு. கண்ணை மூடிக்கிட்டுத் தட்டுவாரு. வேணும்னா வீடியோ எடுத்து அனுப்பறேன்.”

சிக்னல்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க வேலையில ரெண்டு தடவ கேக்காம ஒரு லீவரத் தொட மாட்டோம்மா.”

“இது ரயில் இல்ல சார்.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். மூன்றுக்கு ஒன்று. கேள்வி போய்விட்டது.

இப்போது அவள் அந்தப் புகாரைத் திறந்து படித்தாள். எழுதியவர் யாரோ ஒரு புகைப்படக்காரர். லினக்ஸை ஏற்றுவதற்கு முன் படங்களையெல்லாம் ஒரு பெரிய வெளி டிஸ்க்கில் நகல் எடுத்திருக்கிறார். நகல் பத்திரமாக இருக்கட்டும் என்று அதைக் கழற்றாமலே இன்ஸ்டாலரை ஓட்டியிருக்கிறார். பெரிய டிஸ்க் என்பதால் அது பட்டியலின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அழிந்தது அதுதான்.

சின்னவள் அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். இன்ஸ்டாலர் ஓடும் நேரத்தில் பெரிய டிஸ்க் ஒன்றை யார் செருகி வைத்திருப்பார்கள்? அலட்சியக்காரன் நகலே எடுக்க மாட்டான். ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கிறவர்கள்தான் எடுப்பார்கள். பார்த்துப் பார்த்து நடப்பவர்களாகத் தேடிப் பிடித்துக் காலை வாரும் பொறி ஒன்றைத் தன் கையாலேயே செய்து வைத்திருக்கிறாள்.

அவளுக்குத் தெரிந்தவர்களில் அப்படிப் பார்த்துப் பார்த்து நடப்பவர் அத்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது, “சூடா இருக்கு, இன்னும் வெளியகூட வரல” என்று பெருமையாக ஒரு பென் டிரைவை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். எடுக்கிற ஸ்கேன் படங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கணினிக்குப் புது லினக்ஸ் போட வேண்டும், புதன்கிழமை காலையில் முதல் வேலை அதுதான் என்று சொல்லியிருந்தார்.

இன்று புதன்கிழமை.

அந்தக் கணினியில்தான் அக்காவின் படங்களும் இருந்தன. அக்காவின் காது நரம்பின் மேல் பட்டாணி அளவில் ஒரு சின்னக் கட்டி. மூன்று வருடமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அது வளராமல் கிடந்தால் அப்படியே விட்டுவிடலாம். வளர்ந்தால் மண்டையைத் திறக்க வேண்டும், திறந்தால் ஒரு பக்கக் காதும் முகத்தின் ஒரு பாதியும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வளர்ந்ததா இல்லையா என்பதைப் பழைய படத்தின் மேல் புதுப் படத்தை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எழுதி வைத்த அளவுகளை அவர் நம்புவதில்லை. ‘ஆளாளுக்கு ஒரு இடத்திலிருந்து அளப்பார்கள்’ என்பார். சென்டரில் பிலிம் கொடுப்பதை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. பழைய படங்கள் ஆறும் அந்த ஒரு கணினியில்தான். ஏழாவது ஸ்கேன் வெள்ளிக்கிழமை. “பழசு இல்லைன்னா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன், திறந்துதான் பாப்பேன்” என்று டாக்டர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது இப்போது அவள் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அத்தானின் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார். உள்ளே எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் பெரிய காந்தம் இருப்பதால் கைப்பேசியைக் கதவருகே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வரவேற்பு மேசைக்கு அழைத்தாள்.

“வணக்கம், ஸ்கேனுக்கு நேரம் வேணுமா?” வரவேற்புப் பெண்ணின் குரல் வெல்லமாக இருந்தது.

“இல்லம்மா, கம்ப்யூட்டர் பாக்கறவரோட கொழுந்தியா பேசறேன். அவர அவசரமாக் கூப்பிடணும்.”

“ஓ, நீங்கதானா அந்தச் சின்னவங்க? இப்பத்தான் வெளிய வந்து ஒரு மூச்சு திட்டிட்டுப் போனாரு.”

“என்ன சொன்னாரு? அப்படியே சொல்லும்மா, ஒரு வார்த்தை விடாம.”

“நீங்க குடுத்தது சரியில்லையாம். காலையில எட்டு மணிக்குப் போட்டாராம், முடிஞ்சதுன்னு சொல்லிச்சாம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழசே வந்து நிக்குதாம். பிடிக்கலையாம். மறுபடி போடப் போறாராம். இந்தத் தடவை வேற எந்த வயரும் குறுக்க வரக் கூடாதுன்னு எல்லாத்தையும் கழட்டி டிராயர்ல வெச்சாச்சுன்னாரு. நீங்க ஃபோன் பண்ணா கவலைப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு.”

சின்னவள் சுவரில் சாய்ந்தாள். எல்லாம் பளிச்சென்று புரிந்தது. முதல் முறை போட்டது ‘பிடிக்காமல்’ போகவில்லை. வெளியே செருகியிருந்த நகல் டிஸ்க்கின் மேல் நன்றாகவே பிடித்துவிட்டது. நகல் போய்விட்டது. உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடவில்லை என்பதால்தான் பழைய லினக்ஸே வந்து நின்றிருக்கிறது. அத்தானுக்கு அது தெரியாது. நகல் டிராயரில் பத்திரமாகத் தூங்குகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இப்போது கணினியில் மிஞ்சியிருப்பது ஒரே டிஸ்க். அடுத்த முறை பட்டியலில் மேலே நிற்கப்போவதும் அதுதான். சிவப்பு எழுத்தில் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

“ஓடிப்போய் அவர நிறுத்தும்மா. எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லு. சத்தியமா உயிர் போற விஷயம்.”

“அக்கா, சிவப்பு லைட் எரியுதுக்கா. பேஷன்ட் உள்ள படுத்திருக்காரு. லைட் எரியறப்ப அந்தக் கதவத் தொட்டா என் வேலை போயிடும். அவர் ரூமுக்கு அது வழியாத்தான் போகணும். லைட் அணைஞ்சதும் முதல் வேலையா சொல்லிடறேன். என்னன்னு சொல்லட்டும்?”

“எதையும் தொடாதீங்கன்னு சொல்லு. நான் வந்துட்டிருக்கேன்.”

நூலகரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்பது வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அவளுக்கு நினைவில்லை. தோளில் பை இருந்தது. காலில் கூடத்துக்குள் போடும் ரப்பர் செருப்பு இருந்தது.

ஓட்டுநர் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார். “ஸ்கேன் சென்டரா? யாருக்கும்மா, உங்களுக்கா?”

“அக்காவுக்கு.”

“ஒண்ணும் இருக்காது. பாத்துக்கலாம்.”

அவள் மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு சிக்னல்காரருக்குத் தட்டினாள். ‘புதுப் பதிப்பைத் தளத்திலிருந்து நீக்குங்கள். இப்போதே. காரணம் நான்.’ அவர் ஒரு நிமிடத்துக்குள் பதில் போட்டார். “நீக்கிட்டேன். ஏற்கனவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர் எடுத்துட்டாங்க.” நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பாலத்தைத் தாண்டியதும் ரயில்வே கேட். மூடியிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கி நின்றன. தண்டவாளம் கண்ணுக்கெட்டிய வரை காலியாகக் கிடந்தது. ஓட்டுநர் ஹாரனை நான்கு முறை அழுத்தினார்.

“ரயிலக் காணோம், பொகையக் காணோம், எதுக்கு இப்பவே மூடி வெச்சிருக்கான்? ஜனங்களத் தொந்தரவு பண்றதே பொழப்பு இவனுங்களுக்கு.”

அந்தப் பேச்சு சின்னவளுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

அப்போது அக்கா அழைத்தாள். எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவாள். எடுத்தாள்.

“அடியே, எங்க இருக்க? ஹாரன் சத்தமாக் கேக்குது. லைப்ரரியில டிராஃபிக் ஜாமா?” அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். குரல் எப்போதும் பின் சீட்டு வரைக்கும் எட்டும்.

“ஒரு வேலையா வெளிய வந்தேன்க்கா.”

“நானும் வண்டியிலதான் இருக்கேன். ஒரு தாத்தாவுக்கு ரிவர்ஸ் சொல்லித் தரேன். அவரு முன்னாடி போறதே ரிவர்ஸ் மாதிரிதான் இருக்கு. சரி, கேளு. வெள்ளிக்கிழமை நீ வரணும். உங்க அத்தான் கூட வந்தா என்னைவிட அவர் பயந்து சாவாரு. டாக்டர் படத்தப் போட்டதும் நீதான் என் பக்கத்துல நிக்கணும். பட்டாணி பட்டாணியாவே இருக்கான்னு நீ பாத்துச் சொன்னாத்தான் நான் நம்புவேன்.”

“வரேன்க்கா.”

“என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா?”

“ஆமா.”

“சுடுதண்ணி குடி. தாத்தா, பிரேக்! பிரேக்க மிதிங்க, அது ஹாரன்!” அழைப்பு அறுந்தது.

ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில். பெட்டிகளை எண்ணத் தொடங்கி, முப்பதில் விட்டுவிட்டாள். ஒரு டிஸ்க்கை அழிக்க இன்ஸ்டாலருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவளுக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். நான்கு விநாடி. போன மாதம்தான் அதைப் பதினொன்றிலிருந்து நான்காகக் குறைத்திருந்தாள். அதற்கும் எல்லோரும் பாராட்டியிருந்தார்கள்.

ஸ்கேன் சென்டரின் படிகளில் ஏறும்போது ரப்பர் செருப்பு ஒன்று கழன்று கீழே உருண்டது. அதை விட்டுவிட்டு ஏறினாள். வரவேற்புப் பெண் எழுந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“லைட் அணைஞ்சதும் போனேன்க்கா. சொன்னேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. தரையில உக்காந்திருக்காரு. என்னாச்சுன்னு கேட்டா, ‘போச்சு’ன்னு மட்டும் சொல்றாரு.”

சின்னவள் கைப்பேசியைக் கதவருகே பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் இயந்திரம் வாயைத் திறந்தபடி சும்மா இருந்தது. அதற்குப் பின்னால் அலமாரி அளவில் ஓர் அறை. அந்த அறையின் தரையில் அத்தான் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கறுப்பு டிஸ்க். அதன் மேல் அவருடைய அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘பேக்கப். யாரும் தொடக் கூடாது.’

“அத்தான், ரெண்டாவது தடவ போட்டீங்களா?”

அவர் தலை நிமிரவில்லை. “எட்டு மணிக்கு நகல் எடுத்தேம்மா. எடுத்து, திறந்து, பத்துப் படத்தப் பாத்தேன். உங்க அக்கா படத்தப் பாத்தேன். இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“அத்தான். ரெண்டாவது தடவ. போட்டீங்களா, போடலையா?”

“எப்படிப் போடுவேன்? நடுவுல ரெண்டு பேஷன்ட் வந்துட்டாங்க. அவங்க படம் புதுசா உள்ள வந்துடுச்சு. அதையும் நகல் எடுத்துக்கிட்டு அப்புறம் போடலாம்னு டிராயர்லேர்ந்து இதை எடுத்துச் செருகினேன். உள்ள ஒரு படம் இல்ல. என்னென்னவோ இருக்கு. எனக்குக் கை கால் ஓடல. என்ன தப்பு செஞ்சேன்னே தெரியல. நான் எதத் தொட்டாலும் இன்னும் ஏதாவது போயிடுமோன்னு, தொடாம உக்காந்துட்டேன்.”

சின்னவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்தாள். பழைய லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. படங்கள் இருக்கும் அடைவைத் திறந்தாள். கோப்புகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. அக்காவின் எண்ணை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் காதுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பட்டாணி. மூன்று வருடமாக அவள் வெறுத்துவந்த அதைப் பார்த்து இப்போது கண்ணில் நீர் முட்டியது.

பென் டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். வரவேற்புப் பெண் கடைக்கு ஓடி ஒரு புது டிஸ்க் வாங்கி வந்தாள். நகல் ஓடத் தொடங்கிய பிறகுதான் சின்னவளும் தரையில், அத்தானுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க ஒரு தப்பும் செய்யல அத்தான். நான்தான்.”

சொல்லி முடித்தாள். பட்டியலை மாற்றியது, கேள்வியை எடுத்தது, கூட்டத்தில் அவரைச் சாட்சிக்கு இழுத்தது, எதையும் மறைக்கவில்லை. அவர் சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“அந்தச் சிவப்புக் கேள்விய நீயா எடுத்த?”

“நீங்க அதப் படிக்கறதே இல்லையே அத்தான். எத்தனை தடவ பாத்திருக்கேன். கண்ணை மூடிக்கிட்டுத் தட்டுவீங்க.”

“கண்ணை மூடிக்கிட்டுத்தான் தட்டுவேன். அந்தக் கேள்வி வர்ற வரைக்கும்.” அவர் முதல் முறையாக அவளைப் பார்த்தார். “மத்த எல்லாத்தையும் வேகமாத் தட்டறதே அது வரும்னுதான். அங்க நின்னு டிஸ்க் பேரப் பாத்து ஒவ்வொரு எழுத்தா அடிப்பேன். அது ஒண்ணத்தான் படிப்பேன். இன்னைக்கு அது எப்ப வரும் எப்ப வரும்னு தட்டிக்கிட்டே இருந்தேன். முடிஞ்சதுன்னு வந்துடுச்சு.”

சின்னவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். நகல் பதினெட்டு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்காவுக்குச் சொல்லப் போறீங்களா?”

“வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறம் நீயே சொல்லு. நான் சொன்னா அவ வண்டிய எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவா.” சிரிக்க முயன்றார். உதடு மட்டும் அசைந்தது.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்த நோயாளி உள்ளே படுத்தாகிவிட்டது. இனி இருபது நிமிடத்துக்கு யாரும் வெளியே போக முடியாது. கைப்பேசி கதவருகே பெட்டியில் கிடந்ததால் சின்னவள் அந்தக் கணினியிலேயே இன்ஸ்டாலரின் புகார்ப் பக்கத்தைத் திறந்தாள்.

காலையில் ஒன்று இருந்தது. இப்போது நான்கு. இரண்டு கோபமாக இருந்தன. அவற்றைப் படிக்க முடிந்தது. கடைசியாக வந்ததில் கோபமே இல்லை.

“வணக்கம். நான் இதுக்குப் புதுசு. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணியிருக்கணும். எல்லாரும் முதல்ல பேக்கப் எடுக்கச் சொன்னாங்கன்னு எடுத்தேன். லேப்டாப்ல இடம் பத்தலைன்னு இங்க இருந்தத அழிச்சுட்டேன். இப்ப பெரிய டிஸ்க் காலியாக் காட்டுது. எங்க அம்மா பேசின வீடியோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு. எப்படித் திரும்ப வர வைக்கறதுன்னு யாராவது சொல்றீங்களா? அவசரம் ஒண்ணும் இல்ல.”

அத்தான் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார். படித்துவிட்டு, அவள் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்துக்கொண்டார்.

சின்னவள் பதில் பெட்டியைத் திறந்தாள். ‘தப்பு உங்களுடையது இல்லை. என்னுடையது’ என்று தட்டினாள். ‘அந்த டிஸ்க்கை உடனே கழற்றி வையுங்கள். அதில் எதையும் எழுதாதீர்கள்’ என்று தட்டினாள். அதற்கு அடுத்த வரியில் வீடியோக்கள் கிடைக்குமா கிடைக்காதா என்று எழுத வேண்டும். விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தட்டத் தொடங்கியது, விட்டுவிட்டு, யாரோ கதவைத் தட்டுவது போல. பக்கத்தின் மேல் ஓரத்தில் நான்கு என்ற எண், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாயிற்று.